கிட் காரின் குலுக்கலைக் குறைக்க: சஸ்பென்ஷன் மாற்றுவோருக்கு ஒரு வழிகாட்டி

பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கிட் காரைக் கட்டி முடித்துச் சாலையில் இறக்கிய பெருமிதம் முதல் வேகத்தடையோடு அடங்கிவிடுகிறது. அரை மணி நேரம் ஓட்டினால் இடுப்பு வலிக்கிறது. சஸ்பென்ஷனை மாற்றலாம் என்று இறங்கினால் அடுத்த தலைவலி தொடங்குகிறது. என் கிட்டுடன் வந்த கையேட்டில் ஸ்பிரிங் எவ்வளவு கடினமானது என்று ஒரு வரி இல்லை. விசாரித்த இடங்களில் ஒருவர் விலை உயர்ந்த ஷாக் அப்சார்பரைக் காட்டினார். இன்னொருவர் "இந்த வகைக் கார் என்றால் இப்படித்தான் இருக்கும்" என்று கையை விரித்தார். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. அலைந்து திரட்டியதையெல்லாம், நீங்கள் அலையாமல் இருப்பதற்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

இரண்டு இருக்கையும் 500 முதல் 700 கிலோ வரை எடையும் கொண்ட, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தண்டில் பொருந்திய காயில்ஓவர் வகைக் கார்களுக்கானது இது. லீஃப் ஸ்பிரிங் உள்ள கார்களுக்குப் பாதிதான் பொருந்தும்.

1. காசில்லாமல் ஆகும் வேலையை முதலில் முடியுங்கள்

வேறொரு காரிலிருந்து சக்கரங்களை எடுத்தவர்கள் அதன் காற்றழுத்தத்தையும் சேர்த்தே எடுத்து வந்திருப்பார்கள். 1,100 கிலோ காருக்குச் சொல்லப்பட்ட 30 பி.எஸ்.ஐ. அழுத்தம் 600 கிலோ காருக்குத் தேவையே இல்லை. இந்த எடையில் உள்ள திறந்த இரு இருக்கைக் கார்கள் டயர் குளிர்ந்த நிலையில் 18 முதல் 22 பி.எஸ்.ஐ. வரை ஓடுவது சாதாரணம். ஒரேயடியாக இறக்காமல், 2 பி.எஸ்.ஐ. வீதம் இறக்கி ஓட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங் மந்தமாகிறது, அல்லது டயரின் இரு ஓரமும் நடுப்பகுதியைவிட வேகமாகத் தேய்கிறது என்றால் ஒரு படி ஏற்றிவிடுங்கள்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். கிட் கார்கள் குறைவாக ஓடுபவை. டயரில் பட்டன் தேயாமலேயே ரப்பர் இறுகிப்போயிருக்கும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத டயரை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

ரிம்மையும் மாற்றும் எண்ணம் இருந்தால் இந்தக் கணக்கைப் பாருங்கள். 17 அங்குல ரிம்மில் 195/45 டயரின் பக்கச்சுவர் 88 மி.மீ. உயரம். 15 அங்குல ரிம்மில் 195/60 போட்டால் அது 117 மி.மீ. ஆகிறது. வெளி விட்டம் ஏறக்குறைய 8 மி.மீ. மட்டுமே கூடுவதால் வேகமானி பெரிதாகப் பிசகாது. சின்ன ரிம்முக்குள் பிரேக் காலிப்பர் அடங்குமா என்பதை மட்டும் வாங்குவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள்.

இருக்கையையும் ஒரு முறை கையால் அழுத்திப் பாருங்கள். பல கிட் கார்களில் ஃபைபர் ஓட்டின் மேல் விரல் தடிமனுக்கு நுரை ஒட்டி, அதை இருக்கை என்று அழைக்கிறார்கள்! நல்ல அடர்த்தியான நுரை போட்டாலே பாதிப் புகார் தீர்ந்துவிடலாம்.

2. எது இடிக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

கார் கடினமாக இருப்பதற்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள் உண்டு. இரண்டுக்கும் மருந்து நேரெதிரானது. ஒன்று, ஸ்பிரிங்கோ ஷாக் அப்சார்பரோ மிகக் கடினமாக இருப்பதால் சக்கரம் மேலே எழவே மறுப்பது. மற்றொன்று, சக்கரம் எழுந்து, இருக்கும் இடமெல்லாம் தீர்ந்து, தண்டின் முனையிலுள்ள ரப்பர் தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் போய் மோதுவது. ஓட்டுநருக்கு இரண்டும் ஒரே அடியாகத்தான் தெரியும்.

பிரித்தறிய ஒரு கேபிள் டை போதும். ஷாக் அப்சார்பரின் பளபளக்கும் தண்டைச் சுற்றி மெல்லிய கேபிள் டையைக் கட்டுங்கள். விரலால் தள்ளினால் நகர வேண்டும், தானாக நழுவக் கூடாது. அதைச் சீல் வரை தள்ளிவிட்டு, வழக்கமாகப் போகும் மோசமான சாலையில் வழக்கமான வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். தண்டு உள்ளே போன தூரம் வரை கேபிள் டை தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். நான்கு மூலையிலும் இதைச் செய்து, கார் நிற்கும் நிலையிலிருந்து எவ்வளவு அசைந்திருக்கிறது என்று மி.மீ. கணக்கில் எழுதிவையுங்கள்.

கேபிள் டை பம்ப் ஸ்டாப்பில் நசுங்கி நின்றால், மென்மையான ஸ்பிரிங் நிலைமையை இன்னும் மோசமாக்கும். அங்கே தேவைப்படுவது அசைவதற்கு இடம்: காரின் உயரத்தைச் சற்று ஏற்றுவது, நீளமான பம்ப் ஸ்டாப்பைக் குட்டையானதாக மாற்றுவது, அல்லது அதிக ஓட்டம் (தண்டு நகரும் தூரம்) உள்ள ஷாக் அப்சார்பர். அழகுக்காக ஸ்பிரிங் தட்டை (ஸ்பிரிங் உட்காரும், மரையில் திருகி ஏற்றி இறக்கும் வளையம்) கீழே இறக்கிக் காரைத் தரையோடு தரையாக வைத்திருப்பவர்களுக்கு இந்த நோய் கட்டாயம் இருக்கும். கேபிள் டை 15, 20 மி.மீ. மட்டுமே நகர்ந்து, மேலே நிறைய இடம் மிச்சம் இருந்தும் முதுகு அடி வாங்குகிறது என்றால், கடினம்தான் குற்றவாளி. அவர்களுக்கானவை அடுத்து வரும் படிகள்.

காரை ஜாக்கில் தூக்கியதும் ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து கடகடவென்று ஆடுகிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் அது, காரின் எடைக்கு ஸ்பிரிங் மிகக் கடினம் என்பதன் அறிகுறி.

3. காகித வேலையை ஆர்டருக்கு முன்பே தொடங்குங்கள்

கிட் கார்கள் பல நாடுகளில் தனித்தனியாகப் பரிசோதிக்கப்பட்டுப் பதிவாகின்றன. அந்தப் பரிசோதனையில் இருந்த சஸ்பென்ஷனும் இப்போது சாலையில் ஓடும் சஸ்பென்ஷனும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று உங்கள் நாட்டு விதி கேட்கலாம். கேட்டால் மறுபரிசோதனை, பொறியாளர் சான்றிதழ், பதிவுப் புத்தகத்தில் திருத்தம் என்று வேலை நீளும். பாகங்களை மாட்டிவிட்டு இதை விசாரிக்காதீர்கள். சில பரிசோதகர்கள் ஸ்பிரிங்கின் மேல் அச்சிட்ட எண் தெரிய வேண்டும் என்பார்கள். பெயின்ட் அடித்துவிட்டால் பிறகு சுரண்ட வேண்டியிருக்கும்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்; பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் "பரவாயில்லை" என்று சொன்னவரை விபத்துக்குப் பிறகு தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கடிதத்தில் "சஸ்பென்ஷனை மேம்படுத்துகிறேன்" என்று எழுதினால் பந்தயத்துக்குத் தயார் செய்வதாக எடுத்துக்கொண்டு கட்டணத்தை ஏற்றும் வாய்ப்பு உண்டு. "சொகுசுக்காக மென்மையான ஸ்பிரிங் பொருத்துகிறேன், எஞ்சின் சக்தியில் மாற்றம் இல்லை" என்று நடப்பதை உள்ளபடியே எழுதுங்கள்.

ஒரு கோப்பில் சேர்க்க வேண்டியவை: கிட் தயாரிப்பாளரின் கையேட்டில் சஸ்பென்ஷன் பக்கம், பழைய ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் மேலுள்ள எண்களின் படங்கள், ஷாக் அப்சார்பர் முழுதாக நீண்ட நிலையிலும் முழுதாக அமுங்கிய நிலையிலும் போல்ட் மையத்திலிருந்து போல்ட் மையம் வரையான நீளம், நான்கு சக்கர மையங்களிலிருந்து மட்கார்டு விளிம்பு வரையான இப்போதைய உயரம், பழைய அலைன்மென்ட் அறிக்கை. கையேட்டில் இல்லாததைத் தயாரிப்பாளரிடம் கேட்டு எழுதுங்கள். பதில் வர நாளாகும் என்பதால் இதை இன்றே அனுப்பிவிடுவது நல்லது.

4. இரண்டு அளவுகள், இவை இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்

முதல் அளவு, ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் நிற்கும் எடை, அதாவது மூலை எடை. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனித் தராசு வைத்திருக்கும் பட்டறை கிடைத்தால் அங்கே போங்கள். கிடைக்காவிட்டால் எடைமேடையில் முன் அச்சை மட்டும் ஏற்றி ஒரு முறை, பின் அச்சை மட்டும் ஏற்றி ஒரு முறை எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டால் வகுத்தால் தொடங்கப் போதுமானது. எரிபொருள் பாதித் தொட்டி, ஓட்டுநர் இருக்கையில் நீங்கள். ஆளில்லாத காரின் எடையை வைத்துக் கணக்குப் போடுவது குடும்பக் காரில் சிறு பிழை. இவ்வளவு இலேசான காரில் பெரும் பிழை.

இதிலிருந்து ஸ்பிரிங்கின் மேல் உட்காராத எடையைக் கழிக்க வேண்டும்: சக்கரம், டயர், பிரேக், ஹப், அவற்றோடு விஷ்போன்களிலும் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கைகள்) ஷாக் அப்சார்பரிலும் பாதி. கழற்றும்போது வீட்டுத் தராசிலேயே எடை போட்டுவிடலாம்.

இரண்டாவது, அசைவு விகிதம். சக்கரம் மேலே போகும் தூரத்துக்கும் ஷாக் அப்சார்பர் அமுங்கும் தூரத்துக்கும் உள்ள விகிதம் இது. காரை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஷாக் அப்சார்பரை மட்டும் மாட்டி, ஹப்பை ஜாக்கால் சிறிது சிறிதாக ஏற்றி இரண்டையும் அளந்துகொண்டே வாருங்கள். கார் வழக்கமாக நிற்கும் உயரத்தைச் சுற்றி அளப்பது முக்கியம். சக்கரம் 40 மி.மீ. ஏறும்போது ஷாக் அப்சார்பர் 28 மி.மீ. குறைந்தால் விகிதம் 0.7. இப்படி நேரடியாக அளந்தால் ஷாக் அப்சார்பரின் சாய்வும் அதிலேயே அடங்கிவிடும். சாய்வுக்கென்று தனியாகக் கணக்குப் போட்டு இரண்டு முறை கழித்துவிடாதீர்கள்.

5. ஸ்பிரிங் கணக்கு

பயணச் சுகத்தைத் தீர்மானிப்பது ஸ்பிரிங்கின் கடினம் மட்டும் அல்ல, அந்தக் கடினத்துக்கும் அதன் மேலுள்ள எடைக்கும் உள்ள உறவு. அதை ஒரே எண்ணில் சொல்லலாம்: காரின் உடல் ஒரு நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆட விரும்புகிறது என்ற அலைவெண். சொகுசான குடும்பக் கார்கள் 1 முதல் 1.3 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். சாலையில் ஓட்டும் இலேசான விளையாட்டுக் காருக்கு 1.5 முதல் 1.8 வரை நல்ல எல்லை. 2க்கு மேல் போனால் பந்தயத் தடத்தின் பக்கம் நகர்கிறீர்கள்.

கணக்கு இதுதான். ஸ்பிரிங் தாங்கும் எடையைக் கிலோவில் எடுத்து, 39.5ஆல் பெருக்கி, வேண்டிய அலைவெண்ணின் வர்க்கத்தால் பெருக்குங்கள். கிடைப்பது சக்கரத்தில் தேவைப்படும் கடினம், மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்ற அளவில். ஆயிரத்தால் வகுத்தால் மி.மீ. கணக்கு.

ஓர் உதாரணம். முன் மூலையில் 150 கிலோ, அதில் சக்கரம் முதலியவை 30 கிலோ, மிச்சம் 120. இலக்கு 1.5 ஹெர்ட்ஸ். 120 பெருக்கல் 39.5 பெருக்கல் 2.25 என்பது ஏறக்குறைய 10,700. அதாவது சக்கரத்தில் மி.மீ.க்கு 10.7 நியூட்டன். ஸ்பிரிங்கின் கடினத்தைக் காண இதை அசைவு விகிதத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும்: 0.7 பெருக்கல் 0.7 என்பது 0.49, ஆகவே ஸ்பிரிங் 21.8 நியூட்டன். ஸ்பிரிங் விற்பவர்கள் பெரும்பாலும் அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று பேசுவார்கள், 5.71ஆல் பெருக்குங்கள். 124 வருகிறது, கடையில் 125 என்று கேட்கலாம்.

அதே மூலையில் 350 பவுண்டு ஸ்பிரிங் இருந்தால் என்ன ஆகும்? திரும்பக் கணக்கிட்டால் 2.5 ஹெர்ட்ஸ். முதுகு ஏன் வலித்தது என்பதற்கு ஷாக் அப்சார்பர் கடைக்காரரின் விளக்கம் தேவையில்லை.

இந்தக் கட்டத்தில்தான் பணம் வீணாகும் பொறிகள் வரிசையாக இருக்கின்றன.

வர்க்கத்தை மறப்பது முதல் பொறி. 10.7ஐ 0.7ஆல் ஒரே முறை வகுத்தால் 15.3 வரும். அந்த ஸ்பிரிங்கை மாட்டினால் கார் படகு போல ஆடி, பம்ப் ஸ்டாப்பிலேயே குடியிருக்கும்.

இதைவிட அதிகம் பேரைப் பிடிப்பது நீளம். கடினத்தைக் குறைத்து, பழைய நீளத்திலேயே ஸ்பிரிங் வாங்கிவிடுகிறார்கள். நம் உதாரணத்தில் ஸ்பிரிங்கின் மேல் விழும் சுமை சுமார் 1,680 நியூட்டன். பழைய 350 பவுண்டு ஸ்பிரிங் இந்தச் சுமைக்கு 27 மி.மீ. அமுங்கும், புதிய 125 பவுண்டு ஸ்பிரிங் 77 மி.மீ. அமுங்கும். வித்தியாசம் 50 மி.மீ. பழையது 8 அங்குலம் என்றால் புதியது 10 அங்குலம் இருந்தால்தான் கார் அதே உயரத்தில் நிற்கும். தட்டைத் திருகி ஏற்றிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் மரை அவ்வளவு தூரம் இருக்காது.

நீளமான மென்மையான ஸ்பிரிங்கில் அடுத்த கேள்வி, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதற்கு முன் எவ்வளவு அமுங்கும் என்பது. நிற்கும் நிலையில் 77 மி.மீ., அதற்கு மேல் ஷாக் அப்சார்பரில் இன்னும் 70 மி.மீ. ஓட்டம் என்றால் மொத்தம் 147. 10 அங்குலம் என்பது 254 மி.மீ.; ஆகவே முழுதாக ஒட்டிய நிலையில் ஸ்பிரிங்கின் உயரம் 107 மி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும், கொஞ்சம் மிச்சமும் வேண்டும். இந்த எண்ணை விற்பவரிடம் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

உள் விட்டத்தில் 2.25 அங்குலம், 2.5 அங்குலம், 60 மி.மீ. எல்லாம் புழக்கத்தில் இருக்கின்றன. 60க்கும் 2.5 அங்குலத்துக்கும் வித்தியாசம் 3.5 மி.மீ.தான், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், தட்டில் உட்காராது. காலிப்பர் அளவுகோலால் அளந்துவிடுங்கள்.

தட்டைத் திருகி ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. சீரான சுருள் உள்ள சாதாரண ஸ்பிரிங்கில், தட்டை ஏற்றினால் கார் உயரும், அவ்வளவுதான். கடினம் மாறுவதில்லை.

பின் அச்சுக்கும் இதே கணக்கு. இலக்கை மட்டும் முன்னைவிட 10 முதல் 20 சதவீதம் கூட்டுங்கள். மேட்டில் முன் சக்கரம் முதலில் ஏறுகிறது. பின்னது தாமதமாக ஆடத் தொடங்கினாலும் சற்று வேகமாக ஆடினால் முன்னோடு சேர்ந்துகொள்ளும், மூக்கு ஏறி இறங்கும் ஆட்டம் சீக்கிரம் அடங்கும்.

பேராசைப்பட்டு 1.2 ஹெர்ட்ஸுக்கு இறங்காதீர்கள். இந்தக் கார்களில் பக்கத்து இருக்கையில் ஒருவர் ஏறினாலே எடை வெகுவாக மாறும். சக்கரத்தில் 10.7 நியூட்டன் கடினம் இருக்கும்போது ஒரு மூலையில் 30 கிலோ கூடினால் அந்த மூலை 27 மி.மீ. இறங்கும். எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு அலைவெண்ணை முடிவு செய்யுங்கள்.

6. ஷாக் அப்சார்பர்: மாற்றவா, வைத்துக்கொள்ளவா

ஸ்பிரிங் ஆட்டத்தை உண்டாக்கும். ஷாக் அப்சார்பர் அதை அடக்கும். 350 பவுண்டு ஸ்பிரிங்கை அடக்குவதற்காக உள்ளே வால்வு அமைத்த ஷாக் அப்சார்பர், 125 பவுண்டு ஸ்பிரிங்குக்கு அதிகப்படியான தடை. மேட்டில் அமுங்கிய சக்கரம் திரும்பி இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். தொடர் குழிகளில் கார் படிப்படியாகத் தாழ்ந்து, கடைசியில் பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிடும். ஓட்டுநர் "புது ஸ்பிரிங்கும் கடினம்தான்" என்று முடிவு கட்டிவிடுவார்.

ஷாக் அப்சார்பரின் தடையைக் கூட்டிக் குறைக்கும் குமிழைக் குறைந்தபட்சத்துக்குத் திருகிவைத்தும் இப்படி நடந்தால் வால்வை மாற்ற வேண்டும். ஒற்றைக் குமிழ் உள்ள பெரும்பாலானவற்றில் அது முக்கியமாகத் திரும்பி நீளும் போக்கின் தடையைத்தான் மாற்றுகிறது. அமுங்கும் போக்கை ஓரளவே தொடும். உங்களுடையது பிரித்துச் சீரமைக்கக்கூடிய வகையா என்று பாருங்கள். ஆம் என்றால் புதிதாக வாங்குவதைவிட வால்வு மாற்றுவதே மலிவு. அனுப்பும்போது உங்கள் மூலை எடை, அசைவு விகிதம், புதிய ஸ்பிரிங் கடினம் மூன்றையும் தாளில் எழுதிச் சேர்த்து அனுப்புங்கள்; "கொஞ்சம் மென்மையாக வேண்டும்" என்று எழுதினால் அவர்கள் ஊகித்துத்தான் செய்வார்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு குமிழ் நிலைக்குமான டைனோ வரைபடத்தையும் (தடையை இயந்திரத்தில் அளந்து வரைந்த கோடு) கேட்டு வாங்குங்கள். ஒரு ஜோடியில் இரண்டும் ஒரே கோட்டில் வருகின்றனவா என்பதை அதில்தான் பார்க்க முடியும்.

7. செலவும் காலமும்

தொகைகள் இடத்துக்கு இடம் மாறும், வரிசை மாறாது. காற்றழுத்தத்துக்குச் செலவில்லை. நுரை, பம்ப் ஸ்டாப் சில்லறை. நான்கு ஸ்பிரிங் நடுத்தரம். வால்வு மாற்றம் அதற்கு மேல். நான்கு புதிய ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் விழுங்கும். விற்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகத்தான் சொல்வார்கள். கணக்கில் ஐயம் இருந்தால் அருகருகே உள்ள இரண்டு கடினத்தில் இரண்டு ஜோடி ஸ்பிரிங் வாங்கி வைப்பதுகூட ஒரு தவறான ஷாக் அப்சார்பரைவிட மலிவு. வேண்டாத ஜோடி எளிதில் விலைபோகும்.

பட்டியலில் விட்டுப்போகும் சிறு செலவுகள்: புதிய நைலாக் நட்டுகள், 8.8 அல்லது கையேடு சொல்லும் தர போல்ட்கள், தட்டைத் திருப்பும் கொக்கி ஸ்பானர், மூலை எடை பார்க்கும் கட்டணம், அலைன்மென்ட். அலைன்மென்ட்டை இரண்டு முறை செய்ய நேரும் என்று வைத்துக்கொண்டே பட்ஜெட் போடுங்கள்.

வழக்கமான கடினம், நீளத்தில் உள்ள ஸ்பிரிங் இருப்பில் இருக்கும். வால்வு வேலைக்கு அனுப்பினால் வாரக்கணக்கில் கார் ஸ்டாண்டிலேயே நிற்கும். ஓட்டும் பருவம் தொடங்கும் முன் பட்டறைகளில் கூட்டம் அதிகம் என்பதால் ஓட்டாத மாதங்களில் அனுப்புங்கள். கழற்றி மாட்டும் வேலை ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். காத்திருப்புதான் நீளம்.

8. ஸ்பிரிங் இல்லாமல் ஓர் ஒத்திகை

ஷாக் அப்சார்பரை ஸ்பிரிங் இல்லாமல் மாட்டி, சக்கரத்தைப் பொருத்தி, ஜாக்கால் முழுதாக மேலேயும் பிறகு முழுதாகக் கீழேயும் கொண்டுபோங்கள். முன் சக்கரங்களை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். மென்மையான ஸ்பிரிங்கில் சக்கரம் இதுவரை தொடாத இடத்தையெல்லாம் தொடப்போகிறது. பிரேக் குழாய் முழு இறக்கத்தில் விறைக்கிறதா, முழு ஏற்றத்தில் டயர் மட்கார்டையோ சேஸிஸ் குழாயையோ உரசுகிறதா, டிரைவ்ஷாஃப்ட் மூட்டு இறுகுகிறதா, ஸ்பிரிங் தட்டு விஷ்போனில் இடிக்கிறதா என்று டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஷாக் அப்சார்பர் பொருந்தும் தகடுகளின் வெல்டிங்கைச் சுற்றி முடி போன்ற விரிசல் இருக்கிறதா என்றும் துடைத்துப் பாருங்கள். கடினமான ஸ்பிரிங்கில் பல வருடம் ஓடிய கார்களில் இது அரிதல்ல.

9. மாட்டும்போது

ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். ஸ்பிரிங் இறுக்கத்தில் இருக்கும்போது மேல் மூடியைக் கழற்றக் கூடாது. முதலில் தட்டை முழுதாக இறக்குங்கள். அப்போதும் இறுக்கம் இருந்தால் ஸ்பிரிங் கம்ப்ரஸர் கட்டாயம்.

போல்ட் நுழையும் மூட்டு உருளையான புஷ் விஷயத்தில் கவனம் தேவை. ரப்பரும் உலோகமும் ஒட்டிய வகை புஷ், அசையும்போது முறுக்கிக்கொள்ளும் அமைப்பு. சக்கரம் தொங்கும் நிலையில் அதன் போல்ட்டை இறுக்கிவிட்டால், காரை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுகிய நிலையில் நிற்கும். அதுவே கூடுதல் ஸ்பிரிங் ஆகிவிடும், சீக்கிரம் கிழியவும் செய்யும். போல்ட்களைத் தளர்வாக மாட்டி, காரைத் தன் எடையில் நிறுத்தி, முன்னும் பின்னும் உருட்டிவிட்டு, அதன் பிறகு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பாலியுரேத்தேன் புஷ்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அவற்றுக்கு உரிய கிரீஸ் வேண்டும். ஷாக் அப்சார்பர் கழன்ற நிலையில் விஷ்போன் தன் எடையிலேயே கீழே விழ வேண்டும். கையால் தள்ளினால்தான் நகர்கிறது என்றால், எவ்வளவு மென்மையான ஸ்பிரிங்கும் சிறு மேடுகளை உங்கள் முதுகுக்கே அனுப்பும்.

10. உயரம், மூலை எடை, அலைன்மென்ட்

வரிசை இதேதான், மாற்றாதீர்கள். புதிய ஸ்பிரிங்கோடு சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிப் படியவிடுங்கள். அதுவரை டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) கண்ணுக்குத் தெரிந்து கெடாமல், நூல் கட்டிச் சரிபார்த்தால் போதும்.

நிற்கும் உயரத்தில், ஷாக் அப்சார்பரின் மொத்த ஓட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அமுங்குவதற்கும், ஒரு பங்கு நீள்வதற்கும் இருக்கும்படி தட்டுகளை அமையுங்கள். பிறகு சமதளத்தில் நான்கு தராசு. ஓட்டுநர் இருக்கையில் நீங்கள் உட்காருங்கள், அல்லது உங்கள் எடைக்கு மணல் மூட்டை வையுங்கள். இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பாரின் ஓர் இணைப்பைக் கழற்றிவிட்டே எடை பாருங்கள். இல்லாவிட்டால் அது ஒரு பக்கத்தைத் தூக்கிப் பொய்க் கணக்குக் காட்டும். ஒரு மூலையின் தட்டை ஏற்றினால் அந்த மூலையிலும் அதன் குறுக்கெதிர் மூலையிலும் எடை கூடும். இரண்டு குறுக்குக் கூட்டல்களும் மொத்தத்தில் ஏறக்குறையப் பாதிப் பாதியாக வரும்வரை சிறிது சிறிதாகத் திருகுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அலைன்மென்ட். அதே மணல் மூட்டையோடு போங்கள். அங்கே உள்ளவர் கணினியில் உங்கள் கார் மாடலைத் தேடுவார், கிடைக்காது. கேம்பர், காஸ்டர் (சக்கரத்தின், அதைத் திருப்பும் அச்சின் சாய்வுகள்), டோ எண்களைக் கையேட்டிலிருந்து தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டீயரிங் பாகங்கள் வந்த பழைய காரின் எண்களை அப்படியே போட்டுவிடுவார்கள். மூக்கின் உயரம் மாறியிருப்பதால் முகப்பு விளக்கின் குறியையும் அன்றே சரிசெய்துவிடுங்கள்; பரிசோதனையில் பலர் தவறுவது இங்கேதான்.

11. குமிழ்

குமிழை முழுதாக மூடி, அங்கிருந்து எண்ணிக்கொண்டே திறந்து, மிக மென்மையான நிலையில் தொடங்குங்கள். மூடிய முனை எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும் என்பதால் எண்ணிக்கை குழம்பாது. ஒரே சாலை, ஒரே வேகம், ஒரே காற்றழுத்தம். மேட்டுக்குப் பிறகு கார் ஒரு முறைக்கு மேல் ஆடினால் அந்த அச்சின் இரு பக்கமும் இரண்டு கிளிக் கூட்டுங்கள். ஒரே ஆட்டத்தில் அடங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் கூட்டும் ஒவ்வொரு கிளிக்கும் சுகத்திலிருந்து எடுப்பதுதான். வளைவில் கார் அதிகம் சாய்கிறது என்று தோன்றினால் குமிழைத் தொடாமல் ஆன்டி-ரோல் பாரைப் பாருங்கள். ஆனால் தடித்த பார் ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது அடியை மறுபக்கத்துக்கும் கடத்தும் என்பதால் அதிலும் அளவு வேண்டும்.

கேபிள் டையை மீண்டும் சீல் வரை தள்ளிவிட்டு, பக்கத்து இருக்கையில் ஒருவரை ஏற்றிக்கொண்டு அதே மோசமான சாலையில் போய்வாருங்கள். பம்ப் ஸ்டாப்பைச் சாலையின் மிக மோசமான ஒரு குழி மட்டும் மெல்லத் தொட்டிருந்தால் உங்கள் ஓட்டம் சரியாகப் பயன்படுகிறது. அடிக்கடி நசுங்கியிருந்தால் உயரத்தைச் சில மி.மீ. ஏற்றி, அலைன்மென்ட்டை மறுபடி பாருங்கள்.

முதல் நூறு கிலோமீட்டரில் எல்லா போல்ட்களையும் டார்க் ரெஞ்சால் மறுபடி சோதித்து, ஒவ்வொன்றிலும் பெயின்ட் கோடு இழுத்துவையுங்கள். அடுத்த முறை கோடு பிசகியதா என்று கண்ணால் பார்த்தாலே போதும். கிளிக் எண்ணிக்கை, உயரங்கள், மூலை எடை, அலைன்மென்ட் அறிக்கை, ரசீதுகள், காப்பீட்டுப் பதில் எல்லாம் மூன்றாம் படியில் தொடங்கிய கோப்புக்குள் போகட்டும். பழைய ஸ்பிரிங்குகளில் எந்த மூலை, எத்தனை பவுண்டு என்று சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள். பரிசோதகர் பழைய நிலையைக் கேட்டாலும், காரை வாங்குபவர் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கலாம்.